பதினாறு பவுனும் எண்பது பவுனும்

எனக்குக் கோபம் மூக்கு மேலே. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "ஏன் இப்படிப் பண்ணினே?" என்று யாரும் என்னைக் குடையக் கூடாது.

அறுபத்தைந்தாம் வருஷம் எனக்கு இருபது வயது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு வீட்டில் இருந்தேன். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம் எங்கள் வீடு. அப்பாவுக்குத் திருச்சி காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி. திருவெள்ளறையிலிருந்தும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் தார் வரும். லாரி வந்து திரும்ப வேண்டும் என்று கொல்லையை விசாலமாக விட்டு, தெருவைப் பார்த்துப் பெரிய தகரக் கேட் ஒன்று போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மண்டி லீவு, லாரி வராது. ஆனாலும் காலையிலேயே நான் போய் அந்தக் கேட்டைத் திறந்து வைத்துவிடுவேன். அந்தப் பச்சைக் கார் வரும்.

காரை ஓட்டி வருகிறவர் என் அத்தை மகன், துறையூர் அத்தான். அப்பாவுக்கு ஒரே தங்கச்சி, அந்தத் தங்கச்சிக்கு ஒரே பையன். நான் தொட்டிலில் கிடந்தபோதே அத்தை வந்து என்னைக் கேட்டு வைத்துவிட்டுப் போனாளாம். அதனால் எங்கள் வீட்டில் யாரும் என் கல்யாணத்தைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. "தை மாசம் முடிச்சிடலாம்" என்று அப்பா வருஷா வருஷம் சொல்வார். எந்தத் தை என்றுதான் தெரியாது. அந்த வருஷம்தான், வருகிற தை என்று முடிவாயிற்று. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று அப்போது ஒருவரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. இப்போது சொல்வதற்கு என்ன வெட்கம்? அவர் மேல் எனக்கு உயிர்.

அத்தானுக்கு வேலை எடமலைப்பட்டி புதூரில் ஒரு பஸ் ஒர்க்‌ஷாப்பில். பஸ்ஸின் டீசல் பம்பைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் கழற்றி மாட்டுவார் என்று பேர். அந்தப் பேரைக் கேட்டுத்தான் கண்டோன்மெண்டில் ஒரு மில் முதலாளியின் மகன் தன் காரை அவரிடம் ஒப்படைத்தார். எல்லோரும் அவரைச் சின்ன முதலாளி என்பார்கள். கார் இங்கிலீஷ்காரன் கார். இரண்டே பேர் உட்காரலாம், மேலே கூரை கிடையாது, உட்கார்ந்தால் ரோடு முழங்காலுக்குப் பக்கத்தில் ஓடும். வருஷா வருஷம் மாசி வாக்கில் மெட்ராஸ் பக்கம் ஒரு பழைய விமானத் திடலில் ரேஸ் விடுவார்கள். அதில் சின்ன முதலாளி ஓட்டுவார், அத்தான் கரையில் நின்று நகத்தைக் கடிப்பார். இரண்டு வருஷமாகப் பம்பாய்க்காரர்களுக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருந்தார்கள்.

அந்தக் காருக்கு இரட்டைக் கார்புரேட்டர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு ஊட்டுகிற சமாசாரம்தான் கார்புரேட்டர். இரண்டு இருந்தால் இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜோடி மாட்டில் ஒரு மாடு மட்டும் இழுத்த கதைதான், வண்டி திணறும். அதைப் பார்க்க அத்தானிடம் மீட்டரெல்லாம் இல்லை. ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கார்புரேட்டரின் வாய்க்கு நேரே பிடித்து, மறு முனையைக் காதில் வைத்துக் கேட்பார். 'உஸ்ஸ்' என்று வரும். இரண்டிலும் ஒரே உஸ் வரும்வரை திருகாணியைத் திருப்ப வேண்டும். ஒர்க்‌ஷாப் இரைச்சலில் அது காதில் ஏறாது என்று, மாமா வீட்டுக் கொல்லைக்குக் கொண்டு வருவதாக ஒரு காரணம் வைத்திருந்தார்.

அம்மா கொல்லைப் படியில் அரிவாள்மணையோடு உட்கார்ந்துகொள்வாள். "அவன் காதால பாக்குறான், நான் கண்ணால பாக்குறேன்" என்பாள், என்னை ஓரக்கண்ணால் பார்த்து.

முதல் தடவை நான் சும்மாதான் நின்று வேடிக்கை பார்த்தேன். அவர் இங்கே ஓடிக் கேட்பார், அங்கே ஓடிக் கேட்பார், திருகாணியைத் திருப்புவார், மறுபடியும் ஓடுவார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அத்தான், ரெண்டும் சேரவே இல்லை. உங்க கிட்டக்க இருக்கறது கீழே நிக்குது."

"எப்படிச் சொல்றே? குழாயே வெக்கலையே நீ."

"குழாய் எதுக்கு? இங்க நின்னாலே கேக்குதே."

நான் மூன்று வருஷம் பாட்டு கற்றுக்கொண்டவள். பெண்ணுக்குப் பாட்டு தெரிந்திருந்தால் புகுந்த வீட்டில் மதிப்பு என்று யாரோ சொல்லி, அப்பா ஒரு பாட்டு டீச்சரிடம் சேர்த்துவிட்டார். பாட்டு வரவில்லை, காது மட்டும் வந்தது. "உனக்குத் தொண்டை இல்லேம்மா, ஆனா தம்பூராவை நீ சேத்தா நான் தொடவே வேண்டாம்" என்று டீச்சரே சொல்லி அனுப்பிவிட்டார். பாழாய்ப் போகிற காது ஒரு காருக்காவது ஆகட்டும் என்று அந்தக் குழாயை அவர் கையிலிருந்து வாங்கினேன்.

அடுத்த வாரம் இரண்டாவது குழாய் ஒன்று கொண்டு வந்தார். சிவப்பு ரப்பர், முனையில் கறுப்பாக ஒரு மூக்கு. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அய்ய! இது எனிமா குழாய்!"

"புதுசு. சத்தியமா புதுசு. மருந்துக்கடையில உறை பிரிக்காம வாங்கினது" என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினார். அம்மா சிரித்த சிரிப்பில் கத்தரிக்காய் உருண்டு ஓடியது.

அதிலிருந்து ஆளுக்கொரு குழாய். இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் நான், நடுவில் இன்ஜின். நான் என் பக்கத்து உஸ்ஸை வாயை மூடிக்கொண்டு 'ம்ம்' என்று பிடித்துக் காட்டுவேன். அவர் தன் பக்கத்தைத் திருகித் திருகி அதற்குக் கொண்டு வருவார். இரண்டும் ஒட்டிக்கொள்கிற நேரம் ஒன்று வரும். அப்போது இரண்டு சத்தம் என்பது மறைந்துபோய், ஒரே ஒரு சத்தம் காதுக்குள் நிற்கும். நாங்கள் இருவரும் நிமிர மாட்டோம். குனிந்தபடியே கொஞ்ச நேரம் இருப்போம். அப்புறம் அவர் மெல்ல "சேந்துருச்சு" என்பார்.

எங்களுக்குள் அதற்குச் சுருதி சேர்க்கிறது என்று பேர். ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்குள் காரை நுழைக்கும்போதே "மாமா, சுருதி சேக்க வந்துட்டேன்" என்று குரல் கொடுப்பார். மாதம் ஒரு தடவை சேர்த்தால் போதும் என்று அவரே ஒரு நாள் வாய் தவறிச் சொன்னார். வாராவாரம் வருகிறாரே என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இப்படி இருக்கும்போது சின்ன முதலாளி ஏதோ ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் படித்துவிட்டார். வெளிநாட்டில் ரேஸ் காருக்குக் கார்புரேட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டார்களாம். பஸ்ஸின் டீசல் பம்ப் மாதிரியே பெட்ரோலுக்கும் ஒரு பம்ப் வைத்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் அளந்து பீய்ச்சி அடிக்கிறார்களாம். இன்ஜெக்‌ஷன் என்று பேராம். அம்மாவிடம் சொன்னபோது "காருக்கு ஊசியா? ஏன், காய்ச்சலா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு ஊசி என்றே பேர் நின்றுவிட்டது.

எதற்கு எவ்வளவு ஆகும் என்று இங்கிலாந்துக் கம்பெனிக்கு எழுதிக் கேட்கச் சொன்னார் சின்ன முதலாளி. அத்தானுக்கு இங்கிலீஷ் படிக்க வரும், எழுத வராது. எழுத நான் இருக்கிறேனே. இன்ஸ்டிட்யூட்டில் போய் உட்கார்ந்து நான்தான் டைப் அடித்தேன். ஆடியில் போட்ட லெட்டருக்குப் புரட்டாசியில் பதில் வந்தது. புதிய இரட்டைக் கார்புரேட்டர் செட்டுக்குப் பதினாறு பவுன். இன்ஜெக்‌ஷன் செட்டுக்கு எண்பது பவுன். இங்கிலீஷ்காரன் காசுக்கும் நாங்கள் பவுன் என்றுதான் சொல்வோம், கழுத்தில் போடுகிற தங்கத்துக்கும் பவுன் என்றுதான் சொல்வோம். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இதில்தான் என் குடி கவிழ்ந்தது.

சின்ன முதலாளியிடம் காட்டுவதற்காக இரண்டையும் பக்கம் பக்கமாகப் போட்டு ஒரு தாள் தயார் பண்ணினேன். இடது பக்கம் கார்புரேட்டர், வலது பக்கம் இன்ஜெக்‌ஷன். ஒரு பவுனுக்கு அப்போது பதின்மூன்று ரூபாய் சொச்சம். இடது பக்கத்தில் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. செட் விலை, கப்பல் கூலி, சுங்கம், கூட நாலு ஜெட், நாலு வாஷர். மாட்ட ஆள் இருக்கிறது. வலது பக்கம் அனுமார் வால் மாதிரி நீண்டுகொண்டே போயிற்று. பம்ப், நாலு பீய்ச்சுகுழல், பெட்ரோலை அழுத்தித் தள்ள டிக்கியில் தனியாக ஒரு மோட்டார், காற்று போகிற குழாய்கள் எல்லாமே புதுசு, இறக்குமதி லைசென்ஸ் வாங்க மெட்ராஸுக்கு நாலு நடை. அதிலே ஒரு ரப்பர் வளையம் போனால்கூடச் சீமைக்கு எழுதிப் போட்டுவிட்டு மூணு மாசம் காத்திருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் அந்த மோட்டார் சூடாகிப் பெட்ரோல் ஆவியாகிவிடுமோ என்று அத்தானுக்கே ஒரு சந்தேகம் இருந்தது. அதையும் கீழே எழுதினேன். லாபம் என்று பார்த்தால், வேகமாக வளைவில் திரும்பும்போது கார்புரேட்டரில் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கி இன்ஜின் ஒரு நொடி விக்கும், ஊசியில் விக்காது. அந்த ஒரு நொடியில்தான் பம்பாய்க்காரர்கள் முந்திக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஊசிக்குச் சுருதி சேர்க்க வேண்டாம். ஒரு தடவை பெஞ்சில் வைத்து அளந்து பூட்டிவிட்டால் அவ்வளவுதான். இதை நான் தாளில் எழுதவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காரை நிறுத்தியதும் தாளைக் கொடுத்தேன். அம்மா எதிர்வீட்டுக்குப் போயிருந்தாள். கொல்லை ஓரத்தில் சாக்கு போட்டு வைக்கிற ரூமில் அப்பா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். அவர் உள்ளே இருப்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

தாளைப் படிக்கப் படிக்க அத்தான் முகம் மலர்ந்தது. நான் என் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"எண்பது பவுன்தானா? நான் நூறுக்கு மேல சொல்வாங்கன்னு நெனைச்சேன்" என்றார்.

"தானாவா? எண்பது பவுனுக்கு எங்க போறதாம்? பதினாறு பவுன் போதாதா? எல்லாரும் காலங்காலமா அதுலதானே ஓட்டறாங்க."

"அது பழைய காலம். இப்ப எண்பது பவுன் போடறவன்தான் முன்னாடி நிப்பான். பதினாறு போட்டா பின்னாடிதான் நிக்கணும்."

"யாருகிட்ட இருக்கு அவ்வளவு?"

"இருக்கறவங்க போடுவாங்க. கேட்டுப் பாக்கறதுல என்ன தப்பு?"

சின்ன முதலாளியைத்தான் சொன்னார். அதோடு விட்டிருந்தால்கூடப் போயிருக்கும். அப்புறம் குரலைத் தாழ்த்தி அடுத்ததைச் சொன்னார். இந்த ஊசியைப் பூட்டக் கற்றுக்கொள்ள ஆறு மாசம் பம்பாயில் இருக்க வேண்டுமாம். கார்த்திகையில் கிளம்பினால் சித்திரையில் வந்துவிடலாமாம்.

"அப்ப தை?" என்றேன்.

"தை எங்க போவுது? அடுத்த தையில வெச்சுக்கலாம்" என்றார், ஏதோ தலைமுடி வெட்டிக்கொள்வதைத் தள்ளிப் போடுகிற மாதிரி.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. குழாயைத் தூக்கி அவர் காருக்குள்ளே எறிந்தேன். "போங்க. போய் பம்பாயிலேயே ஊசி போட்டுக்கிட்டு இருங்க. இனிமே இங்க சுருதி கிருதின்னு வராதீங்க" என்றேன். அவர் என்னவோ சொல்ல வந்தார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் அப்பா கூப்பிட்டார். முகம் கடுகு வெடிக்கிற மாதிரி இருந்தது.

"எண்பது பவுன்னு காதுல விழுந்துச்சே. உங்கிட்டயே கேட்டானா?"

அப்பா எதை நினைத்துக் கேட்கிறார் என்று அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. புரியவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். 'இங்கிலீஷ் பவுன்ப்பா, காருக்கு' என்று சொன்னால் போதும். அப்பாவே விழுந்து விழுந்து சிரித்திருப்பார். ஆனால் 'அடுத்த தையில வெச்சுக்கலாம்' என்ற அந்தப் பேச்சு என் காதிலேயே நின்றுகொண்டிருந்தது. அப்பா கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கட்டும், ஓடி வந்து என் காலில் விழட்டும், பம்பாயும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம் என்று சொல்லட்டும், அப்புறம் நான் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொள்கிறேன் என்று நினைத்தேன்.

"ஆமாப்பா. பதினாறு போதுமேன்னு நானும் சொல்லிப் பாத்தேன். எண்பது இல்லாட்டி ஆவாதுங்கறாரு" என்றேன்.

ஒரு எழுத்துப் பொய் இல்லை. எவ்வளவு கெட்டிக்காரி பாருங்கள்.

அப்பா அத்தானைக் கூப்பிட்டுக் கேட்பார் என்றுதானே நான் கணக்குப் போட்டேன்? அவர் கேட்கவில்லை. புதன்கிழமை மண்டியில் உட்கார்ந்தே தங்கச்சிக்கு லெட்டர் எழுதிப் போட்டுவிட்டார். உன் பிள்ளைக்கு எண்பது பவுன் வேண்டுமென்றால் அதற்கு வேறு இடம் பார், என் மகளிடமே நேரில் பேரம் பேசினான், அவளே தன் வாயால் சொன்னாள் என்று. இதெல்லாம் அத்தையின் பதில் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அத்தை ஒரே ஒரு கார்டு போட்டிருந்தாள். "தராசு பிடிச்சுப் பிடிச்சு, அண்ணே, தங்கச்சியையும் நிறுத்துப் பாத்துட்டீங்க. நல்லா இருங்க." அவ்வளவுதான் எழுதியிருந்தாள். அண்ணனுக்குத் தப்பாத தங்கச்சி. எங்கள் வம்சத்துக்கே இந்தக் கோபம்தான் சொத்து.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அவர் வரட்டும், அவர் வந்து கேட்கட்டும் என்று இருந்தேன்.

ஐப்பசி பிறந்ததும் தபாலில் எனக்கு ஒரு பொட்டலம் வந்தது. பழுப்புக் காகிதம், அவர் கையெழுத்து. ஒரு மூலை கிழிந்து சிவப்பு ரப்பர் எட்டிப் பார்த்தது. என் குழாயைத் திருப்பி அனுப்பிவிட்டார்! இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று தபாலில் சொல்கிறார்! பிரிக்காமலே பரண்மேல் வீசி எறிந்தேன். அது பழைய அண்டாவுக்குப் பின்னால் போய் விழுந்த சத்தம் கேட்டது. அதோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கொல்லைக் கேட்டைத் தாழ் போட்டேன்.

பத்து மணிவாக்கில் கார் சத்தம் கேட்டது.

தெருமுனையில், மாட்டாஸ்பத்திரி பக்கம். வேறு யாருக்கும் அது ஒரு கார் சத்தம்தான். எனக்குத் தெரியாதா? இரண்டு கார்புரேட்டரும் சேரவில்லை, ஒன்று கீழே நின்றது. இன்ஜினை அணைக்காமல் அங்கேயே நின்றது. நான் கேட்டுக்கு உள்பக்கம் தகரத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். வந்து தட்டட்டும், தட்டினால் திறக்கிறேன் என்று நின்றேன். கால் மணி நேரம் இருக்கும். அப்புறம் கியர் விழுந்தது, கார் போய்விட்டது.

அடுத்த ஞாயிறும் வந்தது. அதற்கடுத்த ஞாயிறும் வந்தது. சுருதி வாரத்துக்கு வாரம் மோசமாகிக்கொண்டே போயிற்று. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை என் கை தாழ்ப்பாள் மேலேயே இருந்தது. இன்னும் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் திறந்திருப்பேன். நாலாவது ஞாயிறு வரவில்லை.

கார்த்திகையில் துறையூரிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தது. பெண் அதே ஊர். தாய்மாமன் இல்லாமல் கல்யாணம் நடக்குமா? எவ்வளவு கோபம் இருந்தாலும் அப்பா சீர்த்தட்டோடு போனார். அம்மாவும் போனாள். நான் தலைவலி என்று படுத்துக்கொண்டேன். மறுநாள் திரும்பி வந்த அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்தார்.

"பொண்ணு வீட்டுக்காரங்க பேசிக்கிட்டாங்க. உன் அத்தை ஒத்தைப் பவுன்கூடக் கேக்கலையாம்" என்றார்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவருக்குத் தண்ணீர் கொண்டு வருகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். அப்பா அப்புறம் என்னிடம் அதைப் பற்றிக் கேட்டதே இல்லை. சாகிற வரைக்கும் கேட்கவில்லை.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான கையோடு அத்தான் பம்பாய்க்குப் போய்விட்டார். சின்ன முதலாளி கடைசியில் எண்பது பவுன் கொடுத்து ஊசியையே வாங்கினார். மறு வருஷம் சர்க்கார் ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது பவுன் இருபத்தொரு ரூபாய் ஆயிற்று. அன்றைக்குப் பேப்பரைப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலே, இரண்டு பக்கக் கணக்கையும் புது விலைக்கு மறுபடி போட்டுப் பார்த்தேன். எதற்கென்று எனக்கே தெரியாது. அத்தான் பம்பாயிலேயே தங்கிவிட்டார். எனக்கும் கல்யாணமாயிற்று. நல்ல மனுஷர், குரலை உயர்த்தத் தெரியாதவர், சைக்கிள் தவிர வேறு வண்டி தெரியாதவர். அவரைப் பற்றி ஒரு குறை சொன்னால் எனக்கு நல்ல கதி கிடைக்காது. அப்பா எனக்குப் போட்டது பதினாறு பவுன்.

ஆனால் என் கல்யாணத்துக்கெல்லாம் முன்னால், அந்த வருஷத்துப் போகி அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். தை பிறக்க ஒரு நாள் இருந்தது. பரணை ஒழித்து வீட்டைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தோம். கிழிந்த பாய், உடைந்த முறம் எல்லாம் வாசலில் எரிந்துகொண்டிருந்தது. நான் பரண்மேல் ஏறி அண்டாவை நகர்த்தினேன். பொட்டலம் கையில் தட்டுப்பட்டது. எறிவதற்கு முன்னால் ஒரு தடவை பிரித்துத்தான் பார்ப்போமே என்று தோன்றியது. அந்த நல்ல புத்தி மூணு மாசம் கழித்து வந்தது.

குழாயைச் சுற்றி ஒரு தாள் இருந்தது. நான் டைப் அடித்த அதே தாள். கார்புரேட்டர் பக்கத்தில் பெரிய டிக் போட்டு, சின்ன முதலாளி கையெழுத்துப் போட்டிருந்தார். தேதி, நாங்கள் சண்டை போட்டதற்கு மறுநாள், திங்கட்கிழமை. அப்பா லெட்டர் போடுவதற்கு இரண்டு நாள் முன்னால். அதற்குக் கீழே, நான் எழுதாமல் விட்ட கடைசி வரியைப் பென்சிலால் அத்தான் எழுதியிருந்தார். வலது பக்கத்தில், 'காது தேவையில்லை' என்று. இடது பக்கத்தில், 'காது 1. ஸ்ரீரங்கத்தில் இருக்கிறது' என்று.

தாளைத் திருப்பினேன். பின்பக்கம் முழுக்கப் பென்சில்.

"பம்பாய் இல்லை. பதினாறுக்கே முதலாளியைச் சம்மதிக்க வெச்சுட்டேன். தையைத் தள்ளிப் போட்டது தப்புதான், போதுமா? மாமா எழுதினதைப் பாத்து அம்மா ரெண்டு நாளா சாப்பிடலை. எண்பது பவுன் காருக்குன்னு நான் வந்து சொன்னா, மாமா நான் மழுப்பறேன்னு நெனைப்பாரு. உன் வாயால சொன்னாத்தான் நம்புவாரு. நீ சொல்லு. சொல்லிட்டேன்னா ஞாயித்துக்கிழமை கேட்டைத் திறந்து வை. தெருமுனையில நிக்கறேன். கேட் திறந்திருந்தா உள்ள வரேன். குழாய் உங்கிட்டயே இருக்கட்டும்."

பரண்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழேயிருந்து அப்பா குரல் கொடுத்தார். "அங்க என்னத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கே? பழசா இருந்தா போடு, எரிஞ்சு போவட்டும்."

"இது ரப்பருப்பா. எரிஞ்சா தெருவே நாறும்" என்றேன். குரல் எப்படியோ சரியாகத்தான் வந்தது.

அந்தக் குழாய் என்னோடுதான் இருக்கிறது. ரப்பர் காய்ந்து விறைத்துப்போய்விட்டது, காதில் வைத்தால் குத்தும். இந்த வீட்டுக்கும் கொல்லைப் பக்கம் ஒரு கேட் உண்டு. ஞாயிற்றுக்கிழமையானால் காலையில் எழுந்ததும் அதைத் திறந்து வைத்துவிடுவேன். மாடு வந்து செடியைத் தின்னுகிறது என்று பிள்ளைகள் திட்டுகிறார்கள். தின்னட்டும் என்று விட்டுவிடுகிறேன்.